காதற் கவிதையின் மொழியும் நம் இல்லங்களின் மொழியும்

(யூபிலி விழாவையொட்டி, மணவாழ்வில் 25 ஆண்டும் 50 ஆண்டும் நிறைவு செய்த தம்பதியரைப் பாராட்டிய குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் விழாக் குழுவினர் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கோயில் வளாகத்தில் காதற் கவிதையா? அதையும் பங்குச் சாமியாரா பேசுவது? அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகமே கேட்டுவிட்டது.

இத்தயக்கம் புதிதன்று, மிகப் பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு அக்கரையில், நமக்கு வெகு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் (1680–1747) திருக்குறளை இலத்தீன் மொழியில் பெயர்த்தார். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்தவர், 25 அதிகாரங்களும் 250 குறட்பாக்களும் கொண்ட காமத்துப்பாலை மட்டும் தொடாது விட்டுவிட்டார். துறவியொருவர் கைவைக்கத் தக்கதன்று என்று கருதியிருக்கலாம். தமிழுக்குச் சதுரகராதி தந்த அந்தப் பெருமகனாரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? ஆயினும் அதே முனிவர் தேம்பாவணியில் புனித சூசையப்பருக்கும் கன்னிமரியாளுக்கும் நடந்த திருமணத்தை விரித்துப் பாடியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஐயம் கொண்டார், கனவு கண்டார், எழுந்தார், ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தச் சில வரிகளுக்குள் கணவன் ஒருவனின் மனம் பட்ட பாட்டை முனிவர் கண்டுகொண்டு, அதற்குக் காவியத்தில் இடம் கொடுத்தார். ஆகவே அவர் விட்டது ஒரு பாலைத்தான். இல்லறத்து உள்ளத்தை அன்று.

நம் திருமறை நூலே இப்பொருளுக்கு இடம் தந்திருக்கிறது. பழைய பதிப்புகளில் உன்னத சங்கீதம் என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இனிமைமிகு பாடல் என்றும் பெயர் பெற்ற நூலைப் புரட்டிப் பாருங்கள். எட்டே அதிகாரங்கள். தலைவன் பேசுகிறான், தலைவி பேசுகிறாள், எருசலேம் மகளிர் இடையிடையே குரல் கொடுக்கின்றனர். திராட்சைத் தோட்டமும் மான்குட்டியும் பூட்டிய தோட்டமுமே பேச்சு. புனித பெர்நார்து இந்நூலைப் பற்றி 86 மறையுரைகள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் வாயிலைத்தான் எட்டினார். அதற்குள் அவர் ஆயுள் முடிந்துவிட்டது. நமக்கு இன்று ஒரு மணி நேரம்கூட இல்லை. அஞ்ச வேண்டாம்!

இப்பொருளைப் பேசத் திருவையாறு மிகப் பொருத்தமான ஊர். இங்குள்ள அரசர் கல்லூரியில் ஒரு காலத்தில் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. அங்கே தமிழும் கற்பிக்கப்பட வழிசெய்தவர்களுள் முதன்மையானவர், தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராயிருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், நம் கத்தோலிக்க மறையைச் சார்ந்தவர். அக்கல்லூரியில் தமிழ் பயின்று ஆசிரியரானோர் இம்மாவட்டமெங்கும் அகப்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இன்னொன்றும் உண்டு. கயிலையைக் காண நடந்து உடல் தேய்ந்த திருநாவுக்கரசர், ஒரு பொய்கையில் மூழ்கி இவ்வூர்க் குளத்தில் எழுந்தார் என்பது சைவ மரபு. ஆடி அமாவாசையன்று அதை இங்கே விழாவாகக் கொண்டாடுகின்றனர். எழுந்தவர் பாடிய பதிகத்தில் யானை தன் பிடியோடு வருகிறது, மயில் தன் பேடையோடு, கிளி தன் துணையோடு, காளை இளம்பசுவோடு. பாட்டுக்கு ஓர் இணை. பாட்டுதோறும் இறுதியில் அதே வியப்பு திரும்பி வருகிறது. அன்புகொண்ட இரண்டு உயிர் சேர்ந்து நடப்பதைப் பார்த்த இடத்தில் அவர் தம் இறைவனைப் பார்த்தார். நாம் அச்சமயத்தார் அல்லர். எனினும் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கூறியதை நினைவிற்கொண்டு இதனைச் சொல்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் காதலைப் பாடுவது அகம். அதன் மொழி நுட்பங்களைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது, எவர் பெயரையும் சொல்லாமை. போரைப் பாடினால் மன்னன் பெயர் வரலாம். காதலைப் பாடினால் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பதோடு சரி. ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால் அது புறமாகிவிடும். ஏன் இந்தக் கட்டுப்பாடு? ஒரு பெண் மனம் திறந்து பேசுவதை ஊரார் பெயரிட்டுப் பேசும் வம்பாக்கிவிடக்கூடாது என்ற நாகரிகம் ஒன்று. பெயரில்லாத இடத்தில் கேட்பவர் எவரும் தம்மை வைத்துப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. செம்மண்ணில் மழை கலந்த உவமையால் புகழ்பெற்ற குறுந்தொகைப் புலவருக்கு அவருடைய பெயரே மறைந்துபோய், உவமையே பெயராக நின்றுவிட்டது. அப்பாட்டைக் கவனித்தால், முதலில் இருவர் தாயாரும், பின்பு இருவர் தந்தையரும், கடைசியில் அவ்விருவரும் என வினா மேல் வினாவாக வருகிறது. உறவுமுறை எதுவும் இல்லை என்று காட்டிய பிறகே உவமை வருகிறது. வண்டல் மண்ணில் உழுகிற நமக்கு அந்தச் செம்மண்ணைக் காண வல்லம் பக்கம் போக வேண்டும். மழை பெய்தபின் அங்கே ஒரு கை நீரை அள்ளி மண்ணைத் தனியே பிரித்துப் பாருங்கள், பாட்டு விளங்கும்.

பெயர் சொல்லாமை நம் வீடுகளிலும் உண்டல்லவா? நம் பாட்டிமார் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பேரப்பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கவிதையில் இருவர் பெயருமே இல்லை. வீட்டில் அவர் அவளைப் பேர் சொல்லியும் "ஏ புள்ள" என்றும் கூப்பிடுகிறார், அவள் வாய் மட்டும் கட்டுண்டிருக்கிறது. முன்னது நாணம், பின்னது வழக்கம். இரண்டையும் ஒன்றென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. திருச்சபையின் திருமணச் சடங்கில் மணமகனும் மணமகளும் தத்தம் பெயரையும் மற்றவர் பெயரையும் சொல்லித்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். எத்தனையோ பெண்கள் தம் வாழ்நாளில் கணவன் பெயரை அந்த ஒருமுறைதான் சொல்லியிருப்பார்கள். ஒலிபெருக்கியை உதட்டருகே கொண்டுபோனாலும் சிலர் குரல் முதல் வரிசைக்கே எட்டாது! இன்று 50 ஆண்டு நிறைவு செய்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நுட்பம் நம் உரையின் உயிரானது. அகப்பாட்டு முழுவதும் ஒருவர் மற்றொருவரிடம் பேசும் பேச்சு. கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்ற குறிப்பொன்று ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இருக்கும். உ. வே. சாமிநாத ஐயர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையைப் பார்த்தால் இது விளங்கும். அக்குறிப்புகளில் அடிக்கடி வருவது சிறைப்புறம் என்னும் சொல். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தலைவியும் தோழியும் அவன் நிற்பதை அறிவார்கள். அறியாதவர்போலத் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அம்மா கண்டித்தாள், காவல் மிகுந்துவிட்டது, ஊர் பேசுகிறது என்கிறார்கள். சொல் தோழிக்கு, பொருள் வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கு. சீக்கிரம் வந்து மணம் பேசு என்று நேரே சொன்னால் அது கெஞ்சுதலாகிவிடும். இப்படிச் சொன்னால் அவள் மானமும் நிற்கிறது, அவன் தானாகவே முடிவு செய்தான் என்ற பெருமையும் அவனுக்குக் கிடைக்கிறது.

இது ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று எண்ணாதீர்கள். நேற்று இரவு உங்களில் எத்தனை வீட்டில் இது நடந்ததோ! "டேய், அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்கிறாள் மனைவி. அப்பா இரண்டடி தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "பசியில்லைன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லு" என்கிறார் அவர். பிள்ளை நடுவில் நின்று விழிக்கிறது. பிள்ளை இல்லாவிட்டால் மாடு, மாடும் இல்லாவிட்டால் அடுக்களைப் பாத்திரம். பாத்திரத்தை வைக்கிற ஓசையிலேயே உள்ளுறை இருக்கும். கல்வி கற்காத வீட்டிலும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த இலக்கணம் தெரியும்.

உள்ளுறை என்று சொன்னோம். அதுவே அகப்பாட்டின் மிக நுண்ணிய கருவி. ஐந்திணையில் நம் காவிரி நாடு மருதம். வயலும் வயல் சார்ந்த இடமும். மருதத்துக்கு உரிய பொருள் ஊடல். குறிஞ்சிக்காரர்களுக்குக் கூடலும் முல்லைக்காரர்களுக்குக் காத்திருத்தலும் கொடுத்துவிட்டு நமக்குச் சண்டையைக் கொடுத்திருக்கிறார்கள்! விளைச்சல் மிகுந்த இடத்தில் ஓய்வும் மிகும், ஓய்வு மிகுந்த இடத்தில் ஆண்மகன் கால் வழிதவறும் என்று நம் முன்னோர் கண்டனர் போலும். வழிதவறி வந்த கணவனிடம் மனைவி என்ன சொல்வாள்? அகநானூற்றில், பெண்பாற் புலவர் எனக் கொள்ளப்படும் அள்ளூர் நன்முல்லையாரின் பாட்டொன்று எருமையைக் காட்டுகிறது. தொழுவத்துச் சேறு பிடிக்காமல் நள்ளிரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளி, குளத்தில் இறங்கி, மீனெல்லாம் கலைந்தோடத் தாமரையை மேய்கிறது அந்த எருமை. அத்தகைய எருமைகள் உள்ள ஊருக்கு உரியவனே என்று மனைவிக்காகப் பேசும் தோழி அவனை அழைக்கிறாள். தொழுவம் எது, வேலி எது, தாமரை எது என்று ஒன்றையும் அவள் விளக்கவில்லை. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவன் தலைநிமிர முடியுமா? ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பாட்டு நூறில் எருமைக்கே ஒரு பத்து, நண்டுக்கு ஒரு பத்து. விதைத்த முளையை நண்டு வெட்டினால் எப்படி வயிறெரியும் என்று நம் விவசாயிகளைக் கேளுங்கள். அந்த வயிற்றெரிச்சலையே புலவர் ஒரு மனைவியின் மொழியாக்கிவிட்டார்.

இவ்வாறு நிலத்தையும் கவிதையையும் இணைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் தனிநாயக அடிகளார் (1913–1980) சிறந்தவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், தூத்துக்குடி மறைமாவட்டக் குரு. நம்மைப் போன்ற குருக்கள் சங்க இலக்கியத்தைத் தொடலாமா என்ற கேள்விக்கு அவரே விடை. இதற்குமேல் விழாக் குழுவினர் கவலைப்பட வேண்டுவதில்லை.

இந்த மறைமொழி எப்பொழுது மருந்து, எப்பொழுது நஞ்சு? திருவள்ளுவர் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களையும் ஊடலுக்கே கொடுத்தார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன அவை. ஊடலை உப்போடு ஒப்பிடுகிறார். உணவுக்கு உப்பு வேண்டும்; ஒரு கை கூடினாலும் இலையில் கைவைக்க முடியாது. புலவி நுணுக்கத்தில் ஒரு வேடிக்கை. கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள், உடனே, உம்மை எவள் நினைத்தாள் என்று அழுகிறாள். மறுமுறை தும்மலை அடக்கிக்கொள்கிறான். எவளோ நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம்! இதில் உள்ள நுட்பம் என்னவென்றால், இருவரும் ஒருவரையொருவர் கூர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். தும்மலை அடக்கியதுகூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

நம் வீடுகளில் இந்தக் கவனம்தான் போய்விட்டது. பல ஊர்களில் பணிபுரிந்ததில், ஆண்டுக்கணக்காக நேருக்கு நேர் பேசாத தம்பதியரை நாம் சந்தித்திருக்கிறோம். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஞாயிறு திருப்பலிக்கும் இருவரும் வருவார்கள். பேச்செல்லாம் பிள்ளை வழியாக. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனபின் தூது செல்ல ஆளில்லை. அதோடு பேச்சும் நின்றது. இங்கே மறைமொழி இருக்கிறது, வேலிக்கு அப்பால் நின்று கேட்பவர் இல்லை. இன்னொரு வகை சாடைப் பேச்சு. நாத்தனார் காதில் விழும்படி பக்கத்து வீட்டாரிடம் பேசுவது, மருமகள் கேட்கும்படி கோழியைத் திட்டுவது. வடிவத்தில் இதுவும் சிறைப்புறம்தான். ஆனால் அகப்பாட்டின் தலைவி, கேட்பவன் உள்ளே வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்துப் பேசினாள்; சாடை பேசுகிறவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறார். குடித்துவிட்டுக் கை நீட்டுகிற கணவனிடம் எருமை உவமையெல்லாம் பயன்படாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறோம். அவ்விடத்தில் நேரே பேச வேண்டும், உரத்துப் பேச வேண்டும், பெற்றோரிடமும் பங்கிலும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் பெயரைச் சொல்லியே பேச வேண்டும்.

இளைஞரைப் பற்றிய ஒன்று. தலைவனோடு தலைவி ஊரைவிட்டுப் போய்விடுவதை உடன்போக்கு என்பர். கலித்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய பாட்டில், வளர்த்த செவிலித்தாய் பாலைவழியில் மகளைத் தேடிப் போகிறாள். எதிரே வரும் துறவியரிடம், இருவர் போனதைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள் அவர்கள். பிறகு மூன்று கேள்வி. சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு என்ன பயன்? முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்கு? யாழின் இசை யாழுக்கு? தாயைக் கடிந்துகொள்ளவில்லை, மகளையும் பழிக்கவில்லை. பெற்றவளின் இழப்பை ஒப்புக்கொண்டே அதை மெல்லத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

பங்கு இல்லத்தின் வாசலுக்கும் இத்தாய்மார் வருகிறார்கள். கண் வீங்கி, முந்தானையைக் கசக்கிக்கொண்டு, "சாமி, எம்பொண்ணு போயிட்டா சாமி" என்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில், பையன் என்ன சாதி என்ற பேச்சு வந்துவிடுகிறது. கலித்தொகைச் செவிலி அதைக் கேட்கவே இல்லை. துறவியருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு. அவர்கள் சொல்லிவிட்டுத் தம் வழியே நடந்துவிட்டார்கள், பங்குக் குரு அதே தெருவில் இரு குடும்பத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். ஆகையால் நேரே சொல்கிறோம். பெண்ணும் ஆணும் முழு மனச் சம்மதத்தோடு வந்து நின்றால், திருச்சபை கேட்கும் கேள்விகளில் சாதி என்ற கேள்வி இல்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் அதற்காக அன்று.

திருமணத் திருப்பலிகளில் பலரும் விரும்பி வாசிக்கும் பகுதி, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். அதிலும் ஒரு மொழி நுட்பம் உண்டு. அன்பு எத்தகையது என்று விளக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் பண்புச் சொற்களே இல்லை; 15 வினைச்சொற்கள். அவற்றுள் எட்டு எதிர்மறை. அன்பு என்ன செய்யாது என்பதற்கே பாதிக்கு மேல் இடம். மாமியாரும் மருமகளும் அந்த எட்டை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும் என்று குருமடத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வதுண்டு.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். தோபித்து நூலில் வரும் சாரா என்ற பெண்ணுக்கு ஏழு முறை மணமாகி, ஏழு கணவரும் முதல் இரவிலேயே இறந்துபோனார்கள். எட்டாவதாக வந்தவன் தோபியா. அறையில் இருவரும் தனித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் நடுக்கத்தை நினைத்துப் பாருங்கள். அவளிடம் அவன் என்ன சொல்ல வேண்டும்? பயப்படாதே என்றா, உன்னை நேசிக்கிறேன் என்றா? சகோதரி என்று அழைத்து எழுப்பி, மன்றாடுவோம் என்கிறான். பின் கடவுளை நோக்கிப் பேசத் தொடங்குகிறான். ஆதாமுக்குத் துணையாக ஏவாளைத் தந்ததைச் சொல்கிறான். இவளை இச்சைக்காக அன்று, உண்மையோடு ஏற்கிறேன் என்கிறான். இருவரும் சேர்ந்து முதுமை அடைய இரக்கம் வேண்டுகிறான். பேச்சு கடவுளுக்கு, ஆனால் பக்கத்தில் நிற்பவள் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறாள். ஏழு கணவரையும் முதல் இரவிலேயே இழந்தவள், தன்னோடு முதுமை வரை வாழ ஒருவன் ஆசைப்படுகிறான் என்பதை அங்கே கேட்கிறாள். நம் அகப்பாட்டின் சிறைப்புறம் இதுதான். அந்த மன்றாட்டின் முடிவில் இருவரும் சேர்ந்து ஆமென் என்றார்கள்.

வெளியே, மருமகனும் செத்திருப்பான் என்று அஞ்சிச் சாராவின் தந்தை இரகுவேல் இரவோடு இரவாகக் குழி தோண்டி வைத்திருந்தார். பணிப்பெண் விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருவரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்றாள். விடிவதற்குள் குழியை மூடச் சொல்லிவிட்டு, பதினான்கு நாள் விருந்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார் அவர்.